தங்கக் கோடு எல்லையில் நிற்கவில்லை, தெரியுமா?

ஓசூரில் காலை டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினால், பதினொரு மணிக்குள் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றின் வாசலுக்குப் போய்விடலாம், தெரியுமா? கோலார் தங்கவயல்தான் அது. ஆழம் ஏறக்குறைய 3,200 மீட்டர்! தொட்டபெட்டாவைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும் அரைக் கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்.

"அது கர்நாடகச் சமாச்சாரமாச்சே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. பாறைக்கு மாநில எல்லை தெரியாது. தங்கம் தாங்கிய அந்தக் கரும்பாறைப் பட்டை வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் ஓடுகிறது. கோலாரில் ஆரம்பித்து, ஆந்திரத்தின் குப்பம் பக்கம் பிசாநத்தத்தைத் தொட்டு, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளி, மகாராஜகடை வரை வந்துதான் ஓய்கிறது. ஆனால் பெருஞ்செல்வமெல்லாம் வடக்கே தேங்கிவிட்டது. நமக்கு வாய்த்தது வால்.

இந்தப் பாறை பிறந்தது எங்கே தெரியுமா? கடலடியில்! சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்குள் கக்கிய எரிமலைக் குழம்பு, குளிர்ந்த வேகத்தில் தலையணை தலையணையாக உருண்டு இறுகியது. அந்த உருண்டைகளை அங்கே இன்றும் பார்க்கலாம். பட்டையின் கிழக்கே இருக்கும் பாறையும் மேற்கே இருக்கும் பாறையும் வெவ்வேறு வயதுடையவை. தனித்தனியாக இருந்த இரண்டு நிலத் துண்டுகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒட்டிக்கொண்ட இடம் இது என்கிறார்கள் புவியியலாளர்கள். அந்த நெருக்கலில் உண்டான விரிசல்களின் வழியே ஆழத்திலிருந்து கொதிநீர் ஏறியது. அது கரைத்துக் கொண்டுவந்த தங்கமும் கூடவே கொஞ்சம் வெள்ளியும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லோடு படிந்தன. பேர்பெற்ற 'சாம்பியன்' படிவின் சராசரித் தடிமன் ஒரு மீட்டர்தான். அந்த ஒல்லிக் கோட்டைத்தான் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு விடாமல் துரத்தித் தோண்டினார்கள்.

திப்பு வீழ்ந்தபின் 1802இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரியின் காதில், இங்கே தங்கம் கிடைப்பதாக ஒரு வதந்தி விழுந்தது. காட்டுபவருக்கு இனாம் அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே அலசித் தங்கத் துகளைக் காட்டினார்கள். 'கண்டுபிடித்தவர்' என்று புத்தகங்கள் வெள்ளைக்காரர் பெயரைப் போடுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். 1870களில் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் தோண்ட அனுமதி வாங்கினார், கைக்காசு போதவில்லை. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அப்புறம்தான் சூடு பிடித்தது.

பெங்களூருக்கு முன்பே தங்கவயலுக்குக் கரண்டு வந்துவிட்டது தெரியுமா? 1902இல் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். அன்று உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905இல்.

சரி, உள்ளே இறங்கியது யார்? பெரும்பாலும் நம் ஆட்கள். வட ஆற்காட்டிலிருந்தும், கிருஷ்ணகிரி அப்போது சேர்ந்திருந்த சேலம் ஜில்லாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போன தமிழர்கள், அதிலும் பெரும்பகுதி தலித் மக்கள். 'கேஜ்' என்ற இரும்புக் கூண்டில் நெருக்கிக்கொண்டு இறங்கினால், அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மேலிருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் சுவர்ப்பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். மேலே லைன் வீடுகளே அதிரும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலைத் தின்றது தனிக் கதை. 1930இல் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னதும், ஆயிரக்கணக்கானோர் சுமார் மூன்று வாரம் வேலையை நிறுத்தினார்கள். 'நாங்கள் என்ன குற்றவாளிகளா?' என்பதுதான் அந்தப் போராட்டத்தின் உயிர். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேர்விட்டதும் இந்த மக்களிடையேதான்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் அதிசயம் ஒன்று உண்டு. 1965இல் இதே சுரங்கத்தில், 2,300 மீட்டர் ஆழத்தில், நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள்! டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த சோதனை அது. விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் மற்றத் துகள்களை மேலுள்ள பாறை வடிகட்டிவிடும். பாறையை ஊடுருவும் நியூட்ரினோ மட்டும் அங்கே தடம் காட்டும். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ முதன்முதலில் சிக்கியது அந்த ஆண்டில்தான். அதே சமயத்தில் தென்னாப்பிரிக்காவிலும் இன்னொரு குழு பிடித்தது. அதுவும் தங்கச் சுரங்கத்துக்குள்!

நூற்றிருபது ஆண்டுகளில் வெளியே வந்த தங்கம் ஏறத்தாழ 800 டன். ஆரம்பத்தில் டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசியில் சில கிராமாக இளைத்தது. ஆழம் கூடக்கூடச் செலவும் ஏறியது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று கதவைச் சாத்தியது. தண்ணீர் இறைப்பதும் நிற்க, சுரங்கம் மூழ்கிப்போனது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இந்தப் பக்கம் ஓசூரிலோ, டைட்டன் ஆலையில் தங்கம் நகையாகிக்கொண்டிருக்கிறது!

தங்கவயலைப் பற்றிய சினிமாவில் பார்த்த அந்தச் சாம்பல் குன்றுகள் என்ன தெரியுமா? சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண். 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். காற்றடித்தால் துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் தூசி. அந்தக் கழிவிலும் மிச்சத் தங்கம் இருப்பதால், மறுபடி அதை அலச 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது.