நோவு தணிக்கும் கரம் முதற் கிழமையிலேயே வேண்டும்

கடும் நோயுற்றவர் ஒருவர் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கையில், நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்ற பேச்செழுந்தால் வீட்டாரின் முகம் வாடிவிடுகின்றது. “வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்களோ?” என்று கலங்குகின்றனர். இவ்வச்சத்தினால் அப்பேச்சை இறுதி நாள்வரை ஒத்திவைக்கின்றோம். அதற்குள் நோயாளர் தாங்கவேண்டாத நோவையெல்லாம் தாங்கி முடித்திருப்பார்.

இவ்வச்சத்துக்குக் காரணமில்லாமலில்லை. தாதியாயிருந்து பின்னர் வைத்தியம் பயின்ற சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், 1967ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நிறுவிய சென். கிறிஸ்தோபர் இல்லம், மரணத்தை நெருங்கியோரைப் பேணுவதற்கென்றே எழுந்தது. ஆயினும், உடல் நோவோடு மனத்துயரையும் குடும்பக் கவலையையும் ஒருங்கே நோக்கவேண்டும் என அவ்வம்மையார் கற்பித்த பாடம் நோயுற்றோர் யாவர்க்கும் பொருந்துவதன்றோ?

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் நடைபெற்று, 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. இரத்தப் புற்றுநோய்களுக்காக மூல உயிரணு மாற்றுச் சிகிச்சை பெற்ற 160 பேர் அதிற் சேர்ந்தனர். குணம்பெறும் நம்பிக்கையோடு வந்தவர்கள் இவர்கள். குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்ட இவர்களுள் ஒரு பிரிவினரை, நோய்த்தணிப்புக் குழுவினர் கிழமைக்கு இருமுறையேனும் கட்டிலருகே சென்று கண்டனர். குமட்டல், நோவு, நித்திரையின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைக் கேட்டறிந்து பரிகாரம் செய்தனர். புற்றுநோய்ச் சிகிச்சை வழமைபோலவே நடைபெற்றது.

இரண்டு கிழமை கழிந்தபோது இரு பிரிவினரும் நலிந்திருந்தனர். எனினும், குழுவினர் கண்டுவந்தோரின் நலிவு குறைவாயிருந்தது. மூன்று மாதத்தின் பின்னரும் அவர்களிடையே மனச்சோர்வு குறைந்தே காணப்பட்டது. இரண்டு கிழமை அளவில், அவர்களைப் பராமரித்த உறவினரின் மனச்சோர்வுங்கூட மற்றவர்களதைப்போல் அதிகரிக்கவில்லை.

ஆயுள் குறையுமோ என அஞ்சுவோரும் உளர். அதே வைத்தியசாலைக்கு வந்துபோன முற்றிய நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேரைப் பற்றி 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அவர்களுக்கு விடை கூறும். தொடக்கத்திலேயே இப்பராமரிப்பைப் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், ஏனையோரது 8.9 மாதம்.

ஆகவே, நேயர்காள், உங்கள் வீட்டில் ஒருவர் கடும் நோயுடன் வைத்தியசாலையிற் சேர்ந்தால், முதற் கிழமையிலேயே வைத்தியரை அணுகி, “சிகிச்சையோடு நோவு தணிக்கும் உதவியும் கிடைக்குமா?” என்று தயங்காது கேளுங்கள். நோயாளரிடமும், எது அவரை மிகவும் வருத்துகின்றது என்று கேளுங்கள். பெரும்பாலும் நாம் நினைத்திராத ஒன்றையே அவர் சொல்லக்கூடும்.