பயத்துக்கு ஓர் ஒத்திகைக் களம்

மனநலச் சிகிச்சையில் மெய்நிகர் காட்சி என்பது, ஒருவர் எந்த இடத்தைக் கண்டு அஞ்சுகிறாரோ அந்த இடத்தின் நடுவே அவரை ஹெட்செட் வழியாக நிறுத்துவது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். காதில் அந்த இடத்தின் ஓசை கேட்கும். பொய்க்காட்சி என்று தெரிந்தும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். சிகிச்சைக்கு உதவுவதே அந்தப் படபடப்புதான்.

ஒதுங்க ஒதுங்கத்தான் பயம் வளர்கிறது. லிஃப்டுக்கு அஞ்சுபவர் படியேறிப் போகிறார், அப்போதைக்கு நிம்மதி. ஆனால் லிஃப்டில் ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அவர் மனம் அறிய வழியில்லாமல் போகிறது. அஞ்சும் இடத்தில் சிறிது சிறிதாக நின்று பழகுவது பழைய சிகிச்சை முறை. அதை மருத்துவரின் அறைக்குள்ளேயே, வேண்டிய அளவு கூட்டியும் குறைத்தும் செய்ய முடிவதுதான் இப்போது வந்திருக்கும் வசதி.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் உளவியலாளர் பார்பரா ராத்பாமும் கணினி அறிஞர் லாரி ஹாட்ஜஸும் உயரத்துக்கு அஞ்சுபவர்களைக் கணினி வரைந்த கண்ணாடி லிஃப்டிலும் பாலத்திலும் நிற்கவைத்துச் சோதித்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. 2018இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் ஃப்ரீமனின் குழு 100 பேரிடம் நடத்திய சோதனையில், சிகிச்சை பெற்றவர்களின் உயரப் பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. ஹெட்செட்டுடன் அவர்கள் செலவிட்டது மொத்தம் 2 மணி நேரம் போலத்தான். அதே குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. மனச்சிதைவு போன்ற நோய்களால் வீட்டைவிட்டு வெளியே வரவே தயங்கிய 346 பேர் அதில் சேர்ந்தனர். பஸ், கடை, டாக்டரின் காத்திருப்பு அறை என அன்றாட இடங்களே காட்சிகள். மிகக் கடுமையாக முடங்கிக் கிடந்தவர்களே அதிகப் பலன் பெற்றார்கள்.

மெய்நிகர் காட்சி பயத்துக்கு மட்டுமல்ல. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வலியை மறக்கச் செய்யும் பனிக்காட்சி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அருவியும் கடலும் காட்டி மனத்தை இளக்கும் செயலிகள் ஏராளம். அவை தருவது சற்று நேர ஆறுதல். இரவு ஷிப்ட் பார்த்துத் தூக்கம் கெட்டவருக்கு முதலில் வேண்டியது தூக்கம். அதை எந்த அருவிக்காட்சியும் ஈடுசெய்யாது. சிலருக்கு ஹெட்செட்டால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது.

ஆக்ஸ்போர்டின் கடையும் பஸ்ஸும் தமிழ்நாட்டின் சாமளாபுரத்துக்கு அப்படியே உதவாது. சோமனூர், பல்லடம் வரை விரியும் இந்த விசைத்தறி வட்டாரத்தின் பயங்கள் வேறு. ஓடும் தறியிலிருந்து நாடா தெறித்து அடிபட்ட ஒரு நெசவாளரை எண்ணிப் பார்க்கலாம். காயம் ஆறிய பிறகும் தறிச்சத்தம் கேட்டாலே அவருக்குக் கை நடுங்கினால், அவருக்கான காட்சி தறிக்குடோனாகவே இருக்க வேண்டும். முதல் நாள் வாசலுக்கு வெளியே, சத்தம் தூரத்தில். பிறகு உள்ளே, நின்றுபோன ஒரு தறியின் பக்கத்தில். பிறகு அதே தறி ஓட, பாவும் ஊடையும் கண்ணெதிரே. ஒவ்வொரு படியிலும் பயம் நூற்றுக்கு எத்தனை என்று சிகிச்சையாளர் கேட்பார்; எண் இறங்கிய பின்பே அடுத்த படி. சுற்றுப்புறம் முழுவதையும் பதியும் கேமரா இருந்தால் இப்படியொரு காட்சியை உள்ளூரிலேயே எடுத்துவிடலாம். கிடைப்பதற்கு அரியவர், பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைக் கேட்கும் பயிற்சி பெற்றவர்தான். தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய்களின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. ஹெட்செட்டுக்கு ஒதுக்கும் பணத்தோடு ஆளுக்கும் பயிற்சிக்கும் சேர்த்து ஒதுக்கினால்தான் கருவி அலமாரியில் தூங்காது.

உதவி தேவைப்படுவோர், மத்திய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.