சொல் போயினும் அறிவு போவதில்லை

பாரிசவாயு என்று கிராமங்களில் வழங்கும் பக்கவாதத்தால் கைகால் விழுந்தவரிடம் எல்லோரும் அனுதாபம் காட்டுகின்றனர். ஆனால் அவ்வியாதியால் பேச்சையும் இழந்தவரை, "அவருக்கு ஒன்றும் விளங்காது" என்று ஒதுக்கிவிடுவோர் பலர். மாடு விற்பதாயினும், மகளுக்குத் திருமணம் பேசுவதாயினும் அவரைக் கேட்பாரில்லை. இது ஏன் தவறு என்பதையும், அவரோடு உறவாடும் வழிகளையும் அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. பெரும்பாலோர்க்கு மொழியை ஆளும் பகுதி மூளையின் இடது பாதியில் இருக்கிறது. உடலின் வலப்பக்கத்தை இயக்குவதும் அந்தப் பாதியே. ஆகவேதான் வலக்கை விழுந்தவர்க்குப் பேச்சும் போவதை அதிகமாகக் காண்கிறோம். 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்னும் வைத்தியர், பல ஆண்டுகளாக எதைக் கேட்டாலும் "டான்" என்றே விடையளித்து வந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் சோதித்தார். இடது பாதியின் முன்புறம் சிதைந்திருந்தது. 1874-இல் ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே, தடையின்றிப் பேசியும் பேச்சில் பொருள் அமையாத, பிறர் சொல்வதும் சரிவர விளங்காத மற்றொரு வகையை விவரித்தார். இவற்றை வைத்தியர்கள் "அஃபேசியா" என்பர்.

குரல் கெடுவது வேறு. சொல் கெடுவது வேறு. 1973-இல் நமது திண்டுக்கல் இடைத்தேர்தலில் தம் கட்சிக்கு முதல் வெற்றியைத் தேடித்தந்த எம்.ஜி.ஆர். அவர்களுக்கு, 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்து குரல் மாறியது. அது தொண்டையில் நேர்ந்த ஊறு. 1984-இல் பக்கவாதம் தாக்கியபோது பேச்சே தடைப்பட்டது. அந்த ஊறு மூளையில் நேர்ந்தது. அமெரிக்காவில் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பிய அவர், பேச்சு முன்போல் அமையாத நிலையிலும், 1987 டிசம்பரில் மறையும்வரை முதலமைச்சராக இருந்தார்.

ஸ்வீடன் நாட்டுக் கவிஞர் தூமாஸ் திரான்ஸ்ட்ரோமர் 1990-இல் பக்கவாதத்தால் பேச்சையும் வலக்கையின் ஆற்றலையும் பெரும்பாலும் இழந்தார். இடக்கையால் பியானோ வாசித்தார். கவிதை நூல்களும் வெளியிட்டார். 2011-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கருத்தைப் பிறர்க்கு எடுத்துரைத்தவர் அவர்தம் மனைவி.

தறியில் இழைகள் அறுந்தால் நெசவாளி பாவை வீசி எறிவதில்லை, பொறுமையோடு பிணைக்கிறார். பேச்சிழந்தவரிடமும் அப்பொறுமையே வேண்டும்.

முதலாவதாக, தறிச் சத்தமும் தொலைக்காட்சியும் இல்லாத இடத்தில் முகம் பார்த்துப் பேசுக. ஒரு வேளைக்கு ஒரு விஷயம், சிறு வாக்கியம் போதும். காதில் குறையில்லை, ஆதலால் கத்த வேண்டாம். குழந்தையிடம் பேசுவதுபோலவும் பேச வேண்டாம்.

இரண்டாவதாக, "ஆம்", "இல்லை" என்று விடை கூறத்தக்க கேள்விகளைக் கேட்க. ஒன்றை நினைத்து மற்றொன்றைச் சொல்லிவிடுவதும் உண்டு. எனவே "வெங்காயத்தை இன்று விற்கலாமா?" என்று கேட்டபின், "இருப்பில் வைக்கலாமா?" என்றும் கேட்டு உறுதி செய்க.

மூன்றாவதாக, நூல் மாதிரி, நாட்காட்டி, ரூபாய் நோட்டு, படம் ஆகியவற்றைக் காட்டுக. இடக்கையால் சுட்டவும் வரையவும் இடம் தருக. விடைக்குக் காத்திருங்கள்; சொல்லை நீங்களே முடித்துவிடாதீர்கள்.

நான்காவதாக, நம் நெசவாளர் இல்லங்களில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம் வழங்குவதுண்டு. இருமொழி அறிந்தவர்க்கு ஒரு மொழி முந்தியும் மற்றது பிந்தியும் திரும்பலாம். ஆதலால் வீட்டு மொழியிலும் பேசிப் பாருங்கள். பேச இயலாதவர் சிலர், பழகிய பாட்டைச் சொற்களோடு பாடுவர். உடன் சேர்ந்து பாடுவதும் ஓர் உறவே.

சங்கத்துக்கும் கடமை உண்டு. ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. பேச்சுப் போனதால் அங்கத்தினர் உரிமை போவதில்லை. மகாசபை அறிவிப்பை அவருக்கும் அனுப்புக. கடன் பத்திரத்தில் அவர் விரலைப் பிடித்து ரேகை வைப்பது சம்மதமாகாது. தொகையையும் தவணையையும் அவருக்கு விளங்குமாறு கூறி, மேற்சொன்னபடி இருமுறை கேட்டு உறுதி செய்தல் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அஃபேசியாவால் நேரும் நிரந்தரப் பேச்சுக் குறையையும் ஊனமாக ஏற்றுள்ளது. 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் இல்லத்துக்கே வருகின்றன. பேச்சுப் பயிற்சிக்கு மருத்துவரிடம் தனியே கேட்டு ஏற்பாடு செய்க.

வாய் கோணினாலோ, கை தளர்ந்து விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழைக்கவும். அடைப்பினால் வந்த பக்கவாதமாயின், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நன்மை.

இன்று மாலையே, உங்கள் தெருவில் திண்ணையில் மௌனமாய் அமர்ந்திருக்கும் அங்கத்தினர் அருகில் சற்று நேரம் அமருங்கள். விளைச்சலைப் பற்றியோ, நெய்து முடித்த சேலையைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்டு, விடை வரும்வரை காத்திருங்கள்.