புதிய சிறுநீரகமும் இரத்தப் பெருக்கும்

ஒசூரிலிருந்து பெங்களூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திராவை அடுத்து வருவது ஹெப்பகோடி. தொழிற்சாலைகளில் வேலை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வட்டாரத்தில் வாழ்கின்றன. பொம்மசந்திராவிலுள்ள பெரிய மருத்துவமனையில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. 'தம்பிக்குச் சிறுநீரகம் மாற்ற வேண்டும்' என்று வைத்தியர் கூறியதும், 'இரத்தம் அதிகமாகப் போய்விடுமோ?' என்று வீட்டார் கலங்குவது இயல்பு. அக்கலக்கத்திற்கு விடை காண்போம்.

நம் உடலிலுள்ள இரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். இருதயம் செலுத்தும் இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, நிமிஷத்திற்கு 1 லிட்டருக்குச் சற்று மேல், இரு சிறுநீரகங்களுக்கும் சென்று மீள்கிறது. ஆகவே, புதிய சிறுநீரகத்தை இணைக்கும் தையல் ஓரிடத்தில் நெகிழ்ந்தாலும் சில நிமிஷங்களில் பெருஞ்சேதம் விளையக்கூடும்.

இரத்தக் குழாயைத் தைப்பது ஒரு காலத்தில் இயலாத காரியமாயிருந்தது. 1894-இல் பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி சாதி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு, அறுபட்ட குழாயைத் தைக்க வழியின்றி உயிர் நீத்தார். அந்நகரில் வைத்தியம் பயின்ற அலெக்ஸி காரெல், பூவேலை செய்யும் மாது ஒருவரிடம் நுண்ணிய ஊசி வேலையைக் கற்றார் என்பர். குழாயின் வாயில் மூன்று தையல்களை இட்டு முக்கோணமாக இழுத்துப் பிடித்துத் தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் வளர்ந்த சிகிச்சை, இந்தியாவில் முதன்முதலாக 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெற்றி கண்டது.

ஆயினும் தையல் மட்டும் போதாது. சிறுநீரகம் பழுதுற்றோரின் இரத்தத்தில் கழிவுகள் தேங்குவதால், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஒட்டுந் திறனை இழக்கின்றன. டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் என்னும் மருந்தும் செலுத்தப்படுகிறது. எனவே, தேவைப்படின் ரண சிகிச்சைக்கு முன் டயாலிசிஸ் செய்து கழிவை அகற்றுவர். அப்போது ஹெபாரினைக் குறைப்பர், அல்லது தவிர்ப்பர்.

அப்படியானால் இரத்தத்தை உறையச் செய்யும் மருந்துகளைத் தாராளமாகக் கொடுத்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். ஆகாது. புதிய குழாயில் உறைகட்டி அடைத்தால் சிறுநீரகமே மடிந்துவிடும். இரத்த அழுத்தத்தைத் தாழ்த்திக் கசிவைக் குறைக்கவும் வழியில்லை. புதிய உறுப்புக்கு இரத்தம் போதிய வேகத்துடன் பாய்ந்தாக வேண்டும். வழிந்தாலும் கேடு, உறைந்தாலும் கேடு. இவ்விரண்டுக்கும் நடுவே நடப்பதே இந்தச் சிகிச்சையின் நுட்பம்.

பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் அகற்றுவதில்லை. அதனாலேயே வெட்டும் இரத்த நஷ்டமும் குறைகின்றன. புதியதைப் பனிக்கட்டியில் வைத்து, அதன் சிறு கிளைக் குழாய்களை முன்னதாகவே கட்டிவிடுவர். பின்னர் அடிவயிற்றின் ஓரத்தில் வைத்து, இடுப்புப் பகுதியின் நாளத்தோடும் தமனியோடும் இணைப்பர். கவ்விகளை விடுவித்ததும் வெளுத்திருந்த உறுப்பு செந்நிறம் பெறும். அப்போது தோன்றும் சிறு கசிவுகள், துணியால் சில நிமிஷங்கள் பொறுமையாக அழுத்தினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நில்லாதவற்றை மெல்லிய தையலாலோ மின்சூட்டாலோ அடைப்பர்.

இரத்தம் ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும். பிறர் இரத்தம், புதிய உறுப்பை எதிர்க்கும் பொருள்களை உடலில் தோற்றுவிக்கக்கூடும். ஆனால் உயிருக்கு ஆபத்து நேரின் வைத்தியர் தயங்கார்.

சிகிச்சை முடிந்த முதல் இரண்டு நாட்கள் முக்கியமானவை. நாடி, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு, வடிகுழாயில் வரும் திரவம் ஆகியவற்றை இடைவிடாது கவனிப்பர். கசிவு மிகின் மீண்டும் திறந்து பார்க்க நேரலாம். அதைத் தோல்வி என்று எண்ணவேண்டா, தாமதமே ஆபத்து.

நோயாளியும் உறவினரும் செய்யவேண்டியதும் உண்டு. ஆஸ்பிரினாயினும் நாட்டு மருந்தாயினும் உட்கொள்வது அனைத்தையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் சொல்லாமல் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கன்னடமோ ஆங்கிலமோ விளங்காவிடின், அறிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியரின் கை எவ்வளவு தேர்ந்ததாயினும், நாம் சொல்லாமல் மறைத்ததை அது அறிய இயலாதன்றோ!