எண்ணைப் பார்த்து நிறம் மாறும் எக்செல் கட்டங்கள்: தெரியுமா?

மதிப்பெண் பட்டியலில் 35-க்குக் கீழே ஓர் எண்ணைத் தட்டியதும் அந்தக் கட்டம் பளிச்சென்று சிவக்கிறதே, அந்தச் சிவப்பு கட்டத்தின் சொந்த நிறமே இல்லை என்பது தெரியுமா? அதன் சொந்த நிறம் இன்னும் வெள்ளைதான்! மேலே தெரிவது எக்செல் அந்த நொடியில் கணக்குப் போட்டுக் காட்டும் நிறம். 34-ஐ 36 ஆக்குங்கள், சிவப்பு தானாக மறைந்துவிடும். இதுதான் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்.

எக்செல் 97-ல் இது வந்தபோது ஒரு கட்டத்துக்கு மூன்றே மூன்று நிபந்தனைகள்தான் கொடுக்க முடியும், தெரியுமா? நான்காவது வேண்டுமென்றால் மேக்ரோ எழுத வேண்டும். அந்தத் தளையை அறுத்தது எக்செல் 2007. கட்டத்துக்குள்ளேயே நீளும் பட்டைகள், பச்சையிலிருந்து சிவப்புக்குச் சரியும் நிறப்படிகள், அம்புக்குறிகள் எல்லாம் அந்தப் பதிப்பில்தான் வந்தன. 65,536 ஆக இருந்த வரிசைகள் 10,48,576 ஆனதும் அதில்தான்!

ஒரே ஒரு டாலர் குறி ஒரு வரிசை முழுவதையும் சிவக்க வைக்கும், தெரியுமா? மதிப்பெண் ‘சி’ பத்தியில் இருக்கிறது என்று வையுங்கள். பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, ‘சி2 என்பது 35-க்குக் குறைவு’ என்று ஃபார்முலா எழுதி, ‘சி’க்கு முன்னால் மட்டும் டாலர் குறி போடுங்கள். அவ்வளவுதான்! பெயர், வகுப்பு, ஊர் எந்தப் பத்தியில் இருந்தாலும் அந்த வரிசையின் ஒவ்வொரு கட்டமும் ‘சி’ பத்தியையே பார்த்து நிறம் மாறும். குறியை விட்டுவிட்டால் ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு பத்தியைப் பார்த்து, நிறங்கள் தாறுமாறாகச் சிதறும். எக்செல்லில் கற்க வேண்டிய ஒரே ஒரு நுணுக்கம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தேதிகளும் எக்செல்லுக்கு வெறும் எண்கள்தான், தெரியுமா? 2000 ஜனவரி 1 அதன் கணக்கில் 36526. அதனால்தான் ‘இன்றிலிருந்து 30 நாளுக்குள் காலாவதியாகும் மருந்து’ என்ற விதியைக் கூட்டல் கழித்தலிலேயே எழுதிவிடலாம். ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் நிறங்கள் தாமாகவே நகர்ந்திருக்கும்!

ஒரு முழுப் புகைப்படத்தையே கட்டங்களில் காட்டலாம், தெரியுமா? ஆஸ்திரேலியாவில் பிறந்த கணித வல்லுநர் மேட் பார்க்கர் இதைச் செய்து காட்டினார். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கட்டங்களாகப் பிரியும். உள்ளே 0 முதல் 255 வரை எண்கள், அந்த எண்ணுக்கேற்ற அடர்த்தியில் நிறம். தூரத்தில் நின்று பார்த்தால் முகம் தெரியும், நெருங்கினால் வெறும் எண்கள்!

இனி எச்சரிக்கை. தேர்வுக்கே வராத மாணவர், முதலிடம் பிடித்தவரோடு சேர்ந்து பச்சையில் மின்னலாம், தெரியுமா? எக்செல்லின் ஒப்பீட்டில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. வராதவருக்கு ‘ஏபி’ என்று போட்டிருந்தால், ‘90-க்கு மேல் பச்சை’ என்ற ஃபார்முலாவில் அவரும் நுழைந்துவிடுவார்! வெற்றுக் கட்டமோ பூஜ்யமாகக் கணக்காகும். இன்னும் திருத்தாத விடைத்தாளுக்குரிய கட்டமும் ‘35-க்குக் கீழே’ என்று சிவக்கும். ‘இது எண்தானா?’ என்று சோதிக்கும் இஸ்நம்பரையும் ஃபார்முலாவில் சேர்த்துவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும். மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் ஒவ்வொருவரும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்; பிள்ளைகளின் காரியம் அது.

இன்னொன்று. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், ஆண்களில் கூடுதலாகவே. எக்செல்லின் பிரபலமான நிறப்படியோ அந்த இரண்டு நிறங்களில்தான் அமைந்திருக்கிறது. அடுத்த முறை விதி எழுதும்போது நீலத்தையும் ஆரஞ்சையும் எடுங்கள், கூடவே ஓர் அம்புக்குறியும் சேருங்கள். உங்கள் பட்டியலை எல்லோரும் படிக்கட்டும்.