யார் இவர்கள்? எங்கே இருக்கிறார்கள்?

உலகின் முதல் வலைத்தளம் எதையும் விற்கவில்லை. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், ஒரு கணினியில் அது இருந்தது. அதை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991 ஆகஸ்டில் வெளியுலகுக்கு அதை அறிவித்தார். படம் கிடையாது, வண்ணம் கிடையாது, வெறும் எழுத்துகள்தான். இந்தத் திட்டம் என்ன, இதில் யார் யார் வேலை செய்கிறார்கள், எப்படித் தொடங்கியது, உதவ நினைப்பவர் என்ன செய்யலாம் என்ற விவரங்களுக்குத் தொடுப்புகள் இருந்தன. இன்று சிறு கடைகளின் வலைத்தளத்தில் ‘எங்களைப் பற்றி’ என்று ஓரமாக ஒரு பக்கம் இருக்கிறதே, வலையில் முதலில் பிறந்தது அந்த வகைப் பக்கம்தான்.

இப்போது அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் கடைசியில் எழுதுகிறார்கள். வலைத்தளம் அமைத்துத் தருபவர் பொருள்களின் படம், விலை, வாட்ஸ்அப் எண் எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட்டு, “கம்பெனியப் பத்தி நாலு வரி குடுங்க சார்” என்று கேட்பார். முதலாளி அன்றைக்கு லோடு ஏற்றும் அவசரத்தில் இருப்பார். “நீங்களே ஏதாச்சும் போட்டுக்கங்க தம்பி.” இப்படித்தான் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’, ‘வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்’ என்ற வரிகள் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்கும் பட்டுச் சேலைக் கடைக்கும் ஒன்றுபோல வந்து சேர்கின்றன.

அந்த வரிகளில் பொய் இல்லை. ஆனால் எதிர்க்கடையின் பெயரைப் போட்டாலும் அவை அப்படியே பொருந்தும். அறிமுகப் பக்கம் எழுதும் எவரும் ஒவ்வொரு வரியையும் இப்படிச் சோதிக்கலாம்: போட்டிக்காரர் பெயரைப் போட்டுப் படித்துப் பார்த்து, அப்போதும் அது உண்மையாகவே இருந்தால் அடித்துவிட வேண்டும்.

தெருவில் இருக்கும் கடைக்கு அறிமுகம் தனியாகத் தேவையில்லை. போர்டு இருக்கிறது, கல்லாவில் ஆள் இருக்கிறார், பக்கத்துக் கடைக்காரருக்கு அவரைத் தெரியும். பொருள் சரியில்லையென்றால் நாளைக்கே திரும்பி வந்து கேட்கலாம். வலையில் இவை எதுவும் இல்லை. ஓசூரில் இருப்பவர் முன்பின் பார்க்காத ஒரு கடைக்கு மூவாயிரம் ரூபாய் அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் தயங்குகிறார். அந்த நிமிடத்தில் அவர் தேடிப் போவது இந்தப் பக்கத்துக்குத்தான். யார் இவர்கள், எங்கே இருக்கிறார்கள், ஏதாவது தவறினால் யாரைக் கேட்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் ஆர்டர் வரும். இல்லையென்றால் அவர் பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவார். அவர் வந்துபோனதே கடைக்காரருக்குத் தெரியாது.

ஒரு வலைத்தளத்தை மக்கள் எதை வைத்து நம்புகிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் குழுவினர் மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 4,500-க்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். கண்டறிந்ததைப் பத்து வழிகாட்டுதல்களாக 2002-இல் வெளியிட்டார்கள். தளத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு நிறுவனம் இருப்பதைக் காட்டுங்கள், முகவரி கொடுங்கள், அங்கே வேலை செய்பவர்கள் நேர்மையான மனிதர்கள் என்பது தெரியட்டும், தொடர்புகொள்வதை எளிதாக்குங்கள், விளம்பரத் தொனியை அடக்குங்கள் என்று அவை போகின்றன. எழுத்துப் பிழை எவ்வளவு சிறியதானாலும் விட்டுவைக்காதீர்கள் என்பதும் அந்தப் பத்தில் ஒன்று. இருபது ஆண்டுகள் கடந்தும் இவற்றில் எதுவும் பழசாகிவிடவில்லை. அறிமுகப் பக்கத்தை ஒழுங்காக எழுதிவிட்டாலே இந்தப் பத்தில் பாதி நிறைவேறிவிடும்.

சிறு தொழில் ஒன்று தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்ளலாம் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கார்டிகன் என்பது சுமார் 4,000 பேர் வாழும் சிற்றூர். ஒரு காலத்தில் அதில் 400 பேர் ஓர் ஆலையில் ஜீன்ஸ் தைத்துப் பிழைத்தார்கள். வாரத்துக்கு 35,000 ஜீன்ஸ்கள் அந்த ஊரிலிருந்து போயின. 2002-இல் ஆலை மூடப்பட்டு, தையல் வேலை கூலி குறைந்த நாட்டுக்குப் போனது. ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து டேவிட், கிளேர் ஹையட் தம்பதி ‘ஹியுட் டெனிம்’ என்ற பெயரில் அதே ஊரில் சின்னதாக ஓர் ஆலை தொடங்கினார்கள். தங்கள் வலைத்தளத்தில் அவர்கள் சொன்னது இந்தக் கதையைத்தான். ஊரின் மக்கள்தொகை, வேலை இழந்தவர்களின் எண்ணிக்கை, கைத்தொழில் மட்டும் ஊரில் மிச்சம் இருந்தது, ஊருக்கு அந்த வேலையைத் திரும்பக் கொண்டுவர வந்திருக்கிறோம் என்பது. தைத்தவரே ஒவ்வொரு ஜீன்ஸிலும் கையெழுத்துப் போடுகிறார் என்பதும் அதில் சேர்ந்தது. 2018 ஜனவரியில் மேகன் மார்க்கல் கார்டிஃப் நகருக்கு அந்த ஜீன்ஸை அணிந்து வந்தார். வாங்குவதற்கு மாதக் கணக்கில் காத்திருக்கும் நிலை வந்தது.

பிரிட்டன் அரச குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறவர் அணிவது எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெயரை முதல் முறையாகக் கேள்விப்பட்டுத் தேடி வந்தவர்களுக்குப் படிக்க ஒரு கதை அங்கே தயாராக இருந்தது. அந்தக் கதையில் சரக்கின் பெருமையைவிட எண்ணும் ஊரும் ஆளும்தான் அதிகம். கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரில் கடலைமிட்டாய் போடும் ஒரு குடும்பம் வலைத்தளம் தொடங்குகிறது. ‘பாரம்பரிய சுவை, உயர்ந்த தரம், சுகாதாரமான முறை’ என்று மூன்று வரி எழுதிவிட்டு, இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்கிறார் முதலாளி.

அவரை அடுப்படியில் நிறுத்திக் கேட்டால் வேறு பதில் வரும். கடலை எங்கே வாங்குகிறீர்கள்? “கரிசக்காட்டு மானாவாரிக் கடலைதான். மத்தது இந்த ருசி குடுக்காது.” பாகு எடுத்தது சரியா என்று எப்படித் தெரியும்? “ரெண்டு சொட்டு தண்ணியில விட்டு எடுத்து ஒடிச்சா சத்தம் வரணும். வரலைன்னா மிட்டாய் பல்லுல ஒட்டும்.” அதை யார் பார்ப்பார்? “எங்க மதினிதான். முப்பது வருசமா அவங்க சொன்னாத்தான் பாகை இறக்குவோம்.” எத்தனை நாள் கெடாது? மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்? மீந்த தூளை என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் துல்லியமான பதில் இருக்கிறது. அவருக்கு அது தினப்படி வேலை. வெளியே சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை. பெரும்பாலான அறிமுகப் பக்கங்கள் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் சொல்ல விஷயம் இல்லாதது அல்ல. தொழில் தெரிந்தவர்களுக்குத் தங்கள் தொழிலின் அருமை கண்ணில் படுவதில்லை.

அந்தப் பதில்களைச் சேர்த்து எழுதினால் பக்கம் இப்படி வரும்: ‘கோவில்பட்டியில் 1987 முதல் கடலைமிட்டாய் செய்கிறோம். கரிசல் மண்ணில் மானாவாரியாக விளைந்த கடலையும் வெல்லமும் மட்டும் சேர்க்கிறோம். பாகின் பதத்தை எங்கள் மதினி பார்த்துச் சொன்ன பிறகுதான் இறக்குவோம். காலையில் போடும் மிட்டாய் அன்று மாலையே பார்சலில் ஏறும்.’ நான்கே வாக்கியங்கள். எதிர்க்கடைக்காரர் இதை எடுத்துத் தன் பக்கத்தில் போட முடியாது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எழுதுவது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். ‘மட்டும்’ என்று எழுதினால் மட்டும்தான். மாலையில் அனுப்ப முடியாத நாள்கள் உண்டென்றால் அந்த வரி வேண்டாம். புவிசார் குறியீட்டை வணிகத்தில் பயன்படுத்தும் உரிமையும் சட்டப்படி அதிகாரம் பெற்ற பயனராகப் பதிவு செய்துகொண்டவருக்கே உரியது. ஊரில் இருப்பதாலேயே அந்த முத்திரையைப் பக்கத்தில் ஒட்டிவிடக் கூடாது.

இனி, எழுதியதை யார் படிப்பார்கள் என்ற கேள்வி. ஜேக்கப் நீல்சனும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்தவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணால் துழாவினார்கள். வரிவரியாகப் படித்தவர்கள் 16 சதவீதம் பேரே. அவர்களுடைய இன்னோர் ஆய்வில் ஒரே விஷயத்தைப் பலவிதமாக எழுதிக் காட்டினார்கள். தற்பெருமைச் சொற்களை நீக்கியதும் பயன்படுத்தும் எளிமை 27 சதவீதம் உயர்ந்தது. சுருக்கி, துழாவுவதற்கு வசதியாக அடுக்கி, பெருமையையும் நீக்கியபோது 124 சதவீதம் உயர்ந்தது. 2006-இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, பக்கத்தின் மேற்பகுதியிலும் இடது ஓரத்திலும்தான் பார்வை அதிகம் தங்கியது. எனவே என்ன செய்கிறோம், எங்கே, எப்போதிலிருந்து என்பதெல்லாம் முதல் இரண்டு வரியிலேயே வந்துவிட வேண்டும். தாத்தா சைக்கிளில் மூட்டை கட்டி ஊர் ஊராகப் போன கதை நல்ல கதைதான். ஆனால் அது மூன்றாவது பத்தியில் வரட்டும்.

படங்களிலும் இதே கதைதான். விலைக்குக் கிடைக்கும் பொதுப் படங்களில் கோட் போட்ட நால்வர் கைகுலுக்கிக்கொண்டிருப்பார்கள். நீல்சன் குழுவின் கண்ணசைவு ஆய்வுகளில், பார்வையாளர்கள் அலங்காரத்துக்கு வைத்த இத்தகைய படங்களைத் தாண்டிப் போனார்கள். அங்கே உண்மையாக வேலை செய்பவர்களின் படங்களை நின்று பார்த்தார்கள். மதினி பாகு கிண்டும் படத்தைச் செல்போனில் பகல் வெளிச்சத்தில் எடுத்தாலே போதும். அவருடைய சம்மதம் மட்டும் முதலில் வேண்டும். பிறகு படத்தின் அளவைக் குறைக்க வேண்டும். போனில் எடுத்த படம் நான்கைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால், சிக்னல் குறைந்த ஊரில் இருப்பவர் பக்கம் திறப்பதற்குள் மூடிவிடுவார். இருநூறு கேபிக்குள் சுருக்கினாலும் முகம் தெளிவாகத் தெரியும்.

ஜப்பானில் இந்தப் பக்கத்துக்கு ஒரு மரபே உண்டு. ‘கைஷா கையோ’ என்று அழைப்பார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகூட அதை ஒரு அட்டவணையாக வைத்திருக்கும். நிறுவனத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, மூலதனம், பொறுப்பாளர் பெயர், பணியாளர் எண்ணிக்கை, முகவரி, செய்யும் தொழில், சில சமயம் கணக்கு வைத்திருக்கும் வங்கியும் முக்கிய வாடிக்கையாளர்களும். அதில் உருக்கமோ கவர்ச்சியோ இல்லை. ஆனால் அத்தனையும் போய்ச் சரிபார்க்கக்கூடியவை. ஜெர்மனியில் வணிகத் தளங்கள் நடத்துபவரின் பெயரையும் முகவரியையும் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. பலருக்கும் அது தெரிவதில்லை. கம்பெனிச் சட்டத்தின் கீழ் வந்த 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவு பெற்ற கம்பெனி வலைத்தளம் வைத்திருந்தால் அதன் முகப்பிலேயே பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இலக்க கம்பெனி அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல், புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்பவர்களுக்கு 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளும் பொருந்தும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 15 இலக்க எண். தமிழ்நாட்டில் பதிவு செய்ததென்றால் அது 33 என்று தொடங்கும். இவற்றை ஒளித்து வைக்கும் கடைக்காரர்கள் ஒரு பெரிய வாய்ப்பை இழக்கிறார்கள். அந்த எண்களை யார் வேண்டுமானாலும் அரசுத் தளங்களில் தட்டிப் பார்க்கலாம். ‘எங்களை நம்புங்கள்’ என்று நூறு தடவை எழுதுவதைவிட அந்த ஒரு எண்ணுக்கு வலு அதிகம்.

தமிழில் எழுதுபவர்களிடம் ஒரு பழக்கம் பரவலாக இருக்கிறது. ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கக் கொடுத்த டிசைனையே படமாக எடுத்து அறிமுகப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாக எடுத்துக்கொள்ளாது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அங்கே வந்து திகைத்து நிற்கும். முகவரியைத் தொட்டு நகலெடுக்க முடியாது, எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது. யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து போட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ என்று தமிழில் தேடுபவர் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்கவும் அதுதான் வழி. வெளியூர் வியாபாரமும் இருந்தால் கீழே ஆங்கிலத்திலும் அதையே எழுதலாம்.

கடைசியாக ஒன்று, இது எழுதி முடித்த பிறகு வரும் வேலை. கடை இடம் மாறியிருக்கும், பழைய லேண்ட்லைன் எண் போயிருக்கும், பக்கத்தில் பெயர் போட்டிருந்த மேலாளர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அறிமுகப் பக்கம் மட்டும் திறப்பு விழா அன்று இருந்தபடியே இருக்கும். வலைத்தளம் வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்காரரும் இன்றைக்கே தன் பக்கத்தைச் செல்போனில் திறந்து, அதில் போட்டிருக்கும் எண்ணுக்கு ஒரு தடவை போன் செய்து பார்க்கட்டும். யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, மற்ற வரிகளை அதன் பிறகு திருத்தலாம்.