பத்தாம் வகுப்பில் டார்வின்: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

இளம்பிள்ளையில் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கும் பொண்ணுக்கு டார்வின் பாடம் உண்டு. சிபிஎஸ்இ படிக்கும் பக்கத்து வீட்டுத் தோழிக்கு? 2022-23 கல்வியாண்டில் அது காணாமப் போச்சு.

என்ன நடந்தது?
கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைக்கிறோம்னு சொல்லி, என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமத்தை நீக்கியது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கே என்றது என்சிஇஆர்டி. ஆனா, உயிரியல் எடுக்காதவங்களுக்கு?

அமெரிக்காவில்?
அங்கே மோதல் நேரடியானது. பென்சில்வேனியாவின் டோவர் ஊரில், பரிணாமத்துக்கு மாற்றாக ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற கருத்தைப் பள்ளி நிர்வாகம் வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பெற்றோர்கள் வழக்குப் போட்டாங்க. சர்ச்சுக்குப் போறவங்களும் அதில் இருந்தாங்க. அது அறிவியல் இல்லை, மதம் சார்ந்த படைப்புவாதமே என 2005-ல் நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார்.

அப்போ கிறிஸ்தவம் டார்வினுக்கு எதிரியா?
எல்லாரும் அப்படி இல்லை. பரிணாமம் வெறும் அனுமானம் அல்ல என்று 1996-லேயே போப் இரண்டாம் ஜான் பால் சொல்லிவிட்டார்.

நமக்கு என்ன?
டோவரில் மதக் கருத்து உள்ளே வந்தது, பெற்றோர் கவனித்தார்கள். இங்கே பாடம் வெளியே போனது. உள்ளே வருவது கண்ணில் படும். சத்தமில்லாமல் போவது படாது. பிள்ளையின் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்க.